பிள்ளை விட்டுவிடுகிற அந்தச் சின்னச் சொல்

 

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எங்களிடம் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். முக்கியமாக, "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்க எப்படி பிள்ளைக்கு உதவி செய்யிறது?" என்று கேட்கிற உம்மாமாருக்காக. பதிவு கொஞ்சம் நீளம். விஷயம் இலக்கணம். பயப்பட வேண்டாம், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வாசித்துவிடலாம்.

தரம் 9 முதல் 11 வரை படிக்கிற பிள்ளைகளின் கொப்பிகளில் நாங்கள் அடிக்கடி காண்கிற ஒரு வாக்கியம்:

"திஸ் இஸ் த ஹவுஸ் ஐ லிவ்."

இது நான் இருக்கிற வீடு என்று சொல்ல வந்திருக்கிறது பிள்ளை. கடைசியில் "இன்" என்ற சொல் இல்லை. "த ஹவுஸ் ஐ லிவ் இன்" என்று வர வேண்டும். இல்லாவிட்டால் "த ஹவுஸ் இன் விச் ஐ லிவ்" என்று வர வேண்டும். பிள்ளை இரண்டையும் எழுதவில்லை. ஆசிரியர் சிவப்புப் பேனையால் கோடு போடுகிறார், புள்ளி போகிறது, கொப்பி மூடப்படுகிறது. ஏன் பிழை என்று யாரும் சொல்வதில்லை. "கவனமில்லை" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது.

பிள்ளைக்குக் கவனம் இல்லாமல் இல்லை. "ஐ லிவ் இன் திஸ் ஹவுஸ்" என்று எழுதச் சொல்லுங்கள், "இன்" போட்டுச் சரியாக எழுதும். அதே பிள்ளைதான் "நான் இருக்கிற வீடு" என்று வந்தவுடன் அதை விட்டுவிடுகிறது. எங்கே போனது அந்தச் சொல்? அதைத்தான் இந்தப் பதிவில் தேடப்போகிறோம்.

அதற்கு முன், இந்தச் சின்னச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு நீளமான பதிவு என்று கேட்பீர்கள். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தா வெளிநாட்டில் ஒரு துப்புரவுக் கம்பனியில் வேலை செய்துவிட்டு வந்தவர். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இங்கே அரச காரியாலயம் என்றால் தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி, அது எங்கள் உரிமை. ஆனால் அந்தக் கம்பனிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தரம் 10 படிக்கிற மகள் உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். நல்ல கடிதம். அதில் ஒரு வரி, "நாங்கள் முறைப்பாடு செய்த சுப்பர்வைசர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்" என்பது. மகள் எழுதியது: "த சுப்பர்வைசர் வீ கம்ப்ளெய்ன்ட்".

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. அந்த சுப்பர்வைசரிடம் முறைப்பாடு செய்தீர்களா, அல்லது அந்த சுப்பர்வைசரைப் பற்றி முறைப்பாடு செய்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. "கம்ப்ளெய்ன்ட் டு" என்றால் அவரிடம். "கம்ப்ளெய்ன்ட் எபவுட்" என்றால் அவரைப் பற்றி. ஒருவர் சாட்சி, மற்றவர் எதிராளி. இரண்டாவது கடிதம் போய், திரும்பவும் காத்திருந்து, கடைசியில் இரண்டு மாதச் சம்பளம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு "எபவுட்" இல்லாததால் அந்தக் குடும்பம் கூடுதலாக ஒரு மாதத்துக்கு மேல் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கியது.

அந்த மகளின் தமிழ் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். "நாங்கள் முறைப்பாடு செய்த சுப்பர்வைசர்." தமிழிலும் அது இரண்டு அர்த்தம் தருகிறது. ஆனால் வீட்டில் பேசும்போது யாருக்கும் குழப்பம் வராது. கேட்கிறவருக்குக் கதை தெரியும், அவர் தானாகவே நிரப்பிக்கொள்வார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

"நான் வீட்டில் இருக்கிறேன்." இதில் "இல்" இருக்கிறது. இதைத் திருப்பி, "நான் இருக்கிற வீடு" என்று சொல்லுங்கள். "இல்" போய்விட்டது.

"உம்மா கத்தியால் மீன் வெட்டினார்." இதில் "ஆல்" இருக்கிறது. "உம்மா மீன் வெட்டிய கத்தி." போய்விட்டது.

"ஆளுக்குக் காசு கொடுத்தோம்." "நாங்கள் காசு கொடுத்த ஆள்." "உக்கு" போய்விட்டது.

"ஆளிடம் கடன் வாங்கினோம்." "நாங்கள் கடன் வாங்கிய ஆள்." "இடம்" போய்விட்டது.

தமிழில் இதைப் பெயரெச்சம் என்று சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இருக்கிற, வெட்டிய, கொடுத்த, வாங்கிய எல்லாம் பெயரெச்சம். பெயரெச்சம் வந்தால் வேற்றுமை உருபு விழுந்துவிடும். இது எங்கள் மொழியின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், பெயரெச்சம் எந்தெந்தப் பெயரைக் கொண்டு முடியலாம் என்று ஆறு வகையாக எண்ணுகிறது: செய்கிறவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள். வெட்டிய கை, வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய வெட்டு, வெட்டிய நேரம், வெட்டிய மீன். ஆறுக்கும் ஒரே "வெட்டிய". கத்தி மீனை வெட்டுமே தவிர மீன் கத்தியை வெட்டாது என்று கேட்கிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் நடக்கிற மொழி இது.

கொழும்புப் பிள்ளைக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் இதே பழக்கம் வருகிறது. சிங்களத்தில் "மம இன்ன கெதர" என்பார்கள். அதுவும் "நான் இருக்கிற வீடு"தான். அங்கேயும் உருபு இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், இரண்டிலும் அந்தச் சின்னச் சொல் மறைந்துவிடுகிறது. மூன்றாவதாக ஆங்கிலம் எழுதும்போது மட்டும் அது எப்படித் தானாக வரும்?

ஓதப் பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் போகிற பிள்ளைகளுக்கு நாங்கள் நாலாவது மொழியையும் காட்டுவோம். அரபியில் "நான் வசிக்கிற வீடு" என்பதற்கு "அல்பைத்துல்லதீ அஸ்குனு ஃபீஹி" என்று வரும். கடைசியில் உள்ள "ஃபீஹி" என்றால் "அதில்". அரபி உருபை விடுவதும் இல்லை, தனியாக நிற்கவிடுவதும் இல்லை. "அது" என்ற ஒரு சொல்லை அதோடு ஒட்டித் திருப்பிக் கொண்டுவருகிறது. இதற்கு அரபு இலக்கணத்தில் "ஆயித்" என்று பெயர், திரும்பி வருவது என்று அர்த்தம். மௌலவிமார் இதை வாசித்தால் சிரிப்பார்கள், அவர்கள் முதல் வருடத்திலேயே படித்தது. அரபு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலம் எழுதும்போது "த ஹவுஸ் விச் ஐ லிவ் இன் இட்" என்று கடைசியில் ஓர் "இட்" போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு சொல் கூடுகிறது, எங்களுக்கு ஒரு சொல் குறைகிறது. இரண்டும் தாய்மொழியின் தடம்தான்.

முழுப் பழியையும் தமிழில் போடுவதும் சரியில்லை. 1993ல் எலேன் கிளைன் என்ற ஆய்வாளர் இந்த ஒரு பிழையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்கும்போது, சாதாரண வாக்கியத்தில் பிரிபொசிஷனைச் சரியாகப் போடுகிறவர்களே இப்படியான இடத்தில் அதை விட்டுவிடுகிறார்கள் என்பது அதில் வருகிறது. 1977ல் கீனன், கொம்ரி என்ற இருவர் உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு ஒரு படிவரிசை சொன்னார்கள். "வந்த பிள்ளை" மாதிரி எழுவாயைச் சொல்வது எல்லா மொழிக்கும் இலகு. "பார்த்த பிள்ளை" அதற்கு அடுத்தது. "வெட்டிய கத்தி", "இருக்கிற வீடு" மாதிரியானவை இன்னும் கீழ்ப் படியில், கடினமான பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. உலகம் முழுவதும் பிள்ளைகள் தடுக்கி விழுகிற படி.

சரி, ஆங்கிலம் அந்தச் சொல்லை எங்கே வைக்கிறது? அதற்கு இரண்டு கதிரை இருக்கிறது.

பின் கதிரை: "த நைஃப் ஐ கட் த ஃபிஷ் வித்." வீட்டிலும் பஸ்ஸிலும் கூட்டாளியோடும் பேசுகிற ஆங்கிலம்.

முன் கதிரை: "த நைஃப் வித் விச் ஐ கட் த ஃபிஷ்." விண்ணப்பம், அறிக்கை, சட்டக் கடிதம் எழுதுகிற ஆங்கிலம்.

இந்த முன் கதிரை தமிழுக்குப் புதிதில்லை. ஜும்ஆ பயானில் கேட்டிருப்பீர்கள்: "எந்த வீட்டில் குர்ஆன் ஓதப்படுகிறதோ அந்த வீட்டில்" என்று ஹஸ்ரத் இழுத்துச் சொல்வார். "எந்தக் கத்தியால் வெட்டினேனோ அந்தக் கத்தி." இங்கே "இல்"லும் "ஆல்"லும் விழவில்லை, "எந்த"வோடு சேர்ந்து முன்னுக்கு வந்து நிற்கின்றன. "இன் விச்", "வித் விச்" என்பது அதேதான். பிள்ளைகளிடம் இதை "பயான் இங்கிலீஷ்" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கொட்டாஞ்சேனை வகுப்பில் உள்ள கத்தோலிக்கப் பிள்ளைகள், "எங்கட ஃபாதரும் பிரசங்கத்தில் இப்படித்தான் பேசுவார்" என்றார்கள்.

கதிரை இரண்டு, ஆள் ஒன்று. இதை மறந்தால் வேறு பிழைகள் வரும்.

"த ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்" என்று இரண்டு இடத்திலும் போடுவது. பயத்தில் கூடுதலாகப் போடுகிற, கெட்டிக்காரப் பிள்ளைகளின் பிழை இது.

"த ஹவுஸ் வெயார் ஐ லிவ் இன்" என்பது. "வெயார்" என்ற சொல்லுக்குள்ளேயே "இல்" இருக்கிறது. "த ஹவுஸ் வெயார் ஐ லிவ்" போதும்.

"த ஹவுஸ் இன் தெட் ஐ லிவ்" என்பது. முன் கதிரையில் "தெட்" ஒருபோதும் உட்காராது. பொருளுக்கு "விச்", ஆளுக்கு "ஹூம்" மட்டும். "த மேன் டு ஹூம் வீ கேவ் த மணி."

இன்னொன்று, "லுக் ஆஃப்டர்" மாதிரிச் சில வினைகளில் அந்தச் சொல் வினையோடு ஒட்டிப்பிறந்தது. அதைப் பிரித்து முன்னுக்குக் கொண்டுபோகக் கூடாது. "த சைல்ட் ஷீ லுக்ஸ் ஆஃப்டர்" என்று பின்னாலேயே விடுங்கள்.

இப்போது பெற்றோர் அடிக்கடி கேட்கிற ஒரு விஷயம். ஒரு பிள்ளை "த ஹவுஸ் ஐ லிவ் இன்" என்று சரியாகவே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு டியூஷனில் அதை வெட்டி, "வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை "இன்"னை எடுத்துவிட்டு எழுதியது. சரியாக இருந்ததைத் திருத்தப் போய்ப் பிழையாகியது.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1672ல் ஜோன் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்திய நாடக ஆசிரியர் பென் ஜோன்சன் பிரிபொசிஷனை வாக்கியக் கடைசியில் விடுகிறார் என்று குறை சொன்னார். தன்னுடைய 1668ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை 1684ல் மறுபதிப்புச் செய்தபோது, தன் வாக்கியங்களிலும் கடைசியில் நின்றதை எல்லாம் தேடி முன்னுக்கு மாற்றினார். 1762ல் இலக்கணம் எழுதிய ரொபர்ட் லோத், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், பேச்சுக்குப் பின்னால் விடுவது பழக்கம், கனமான எழுத்துக்கு முன்னால் வைப்பது அழகு என்ற மாதிரிச் சொன்னார். பிழை என்று அவர் சொல்லவில்லை. பிறகு வந்த வாத்திமார் அந்த அழகைச் சட்டமாக்கிவிட்டார்கள். 1926ல் ஃபௌலர் தன் ஆங்கிலப் பிரயோக அகராதியில் இது வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். ஆங்கிலேயரே விட்டுவிட்ட ஒன்றைக் கொழும்பில் நாங்கள் இன்னும் காவிக்கொண்டு திரிகிறோம்.

ஏன் காவுகிறோம் என்றும் எங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் "கடுவ" என்று பட்டப்பெயர். வாள். வைத்திருக்கிறவர் வெட்டுவார், இல்லாதவர் வெட்டுப்படுவார். வெட்டுப்பட்டு வளர்ந்த எங்களில் சிலர், கையில் வாள் வந்தவுடன் பிள்ளைகளைத்தான் முதலில் வெட்டுகிறோம். எங்கள் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை, முன்பு எங்கோ திறந்தபோது வெட்டு விழுந்திருக்கிறது.

இதனால்தான் சில பெற்றோர் வேறொரு வழிக்குப் போகிறார்கள். "வீட்டில் தமிழ் பேசாதே, இங்கிலீஷ் மட்டும் பேசு" என்கிறார்கள். உம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆகவே உம்மா பிள்ளையோடு பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் பார்க்கிறோம், கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் பார்க்கிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நாங்கள் இவ்வளவு நேரம் தேடிய அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடிய ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார். அது தமிழ் மட்டும் தெரிந்த உம்மாதான்.

எப்படி என்று சொல்கிறோம். பிள்ளை "நான் எழுதுகிற பேனை" என்பதை ஆங்கிலத்தில் எழுதப் போகிறது. நீங்கள் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பேனையை எழுதுறியா, பேனையால எழுதுறியா?" பிள்ளை சிரித்துக்கொண்டு "பேனையால" என்று சொல்லும். "அந்த 'ஆல' எங்க?" என்று கேளுங்கள். அவ்வளவுதான். "வித்" என்ற சொல் பிள்ளைக்குத் தெரியும். அது காணாமல் போயிருக்கிறது என்பதுதான் தெரியாது. உருபைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தேவையில்லை, தமிழ் காதில் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் உருபும் ஆங்கிலச் சொல்லும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. "பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்" என்றால் "ஃபோர்". "ஆளுக்குக் காசு கொடுத்தோம்" என்றால் "டு". இரண்டும் "உக்கு"தான். "பயானைக் கேட்டோம்" என்பதில் வெறும் "ஐ" இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் "லிசன் டு". அதேபோல் "பை பஸ்" என்று படித்த பிள்ளை "த பஸ் வீ கேம் பை" என்று எழுதும். குறிப்பிட்ட ஒரு பஸ்ஸைச் சொல்லும்போது "இன்" அல்லது "ஒன்" வரும். 101ல் வந்தோம் என்றால், "த பஸ் வீ கேம் இன்". எந்த வினைக்கு எந்தச் சொல் என்பதை வினையோடு சேர்த்தே பாடமாக்க வேண்டும். அது எங்கள் வேலை, வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம். ஒன்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

இன்று இஷாவுக்குப் பிறகு பிள்ளையிடம் இந்த ஐந்தைக் கேட்டுப் பாருங்கள். பதிலையும் தருகிறோம்.

1. நாங்கள் தொழுகிற பள்ளி. (பள்ளியில் தொழுகிறோம்.) "த மொஸ்க் வீ ப்ரே இன்."

2. நான் எழுதுகிற பேனை. (பேனையால் எழுதுகிறேன்.) "த பென் ஐ ரைட் வித்."

3. நாங்கள் காத்திருந்த பஸ். (பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.) "த பஸ் வீ வெய்ட்டட் ஃபோர்."

4. வாப்பா கடன் வாங்கிய ஆள். (ஆளிடம் வாங்கினார்.) "த மேன் மை ஃபாதர் பொரோட் மணி ஃப்ரொம்."

5. ராத்தா கல்யாணம் முடித்த ஆள். (ஆளைக் கல்யாணம் முடித்தார்.) "த மேன் மை சிஸ்டர் மெரிட்." இதில் ஒன்றும் வராது. "வித்" போட்டால் பிழை. எல்லா இடத்திலும் ஒன்றைச் செருகிவிடாமல் இருப்பதற்காகத்தான் இதைச் சேர்த்தோம்.

ஐந்தும் சரி வந்தால், அடுத்த நாள் அதே ஐந்தையும் பயான் இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். "த மொஸ்க் இன் விச் வீ ப்ரே" என்று தொடங்கும். ஐந்தாவதில் மட்டும் "ஹூம்" தனியாக நிற்கும், முன்னால் எதுவும் வராது.

பிள்ளை பிழை விட்டால் ஏசாதீர்கள். "கேட்கிறவருக்கு விளங்கும்" என்று நம்பி எழுதியிருக்கிறது. எங்கள் மொழி பழக்கிய நல்ல பழக்கம் அது. ஆனால் கடிதத்தை வாசிக்கப் போகிறவர் எங்களைத் தெரியாதவர், எங்கள் கதை தெரியாதவர். அவருக்காக அந்த ஒரு சொல்லை எழுதியே ஆக வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கீழே தமிழிலேயே கேளுங்கள். மஃரிபுக்குப் பிறகு பதில் சொல்கிறோம். சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு இதை அனுப்பிவையுங்கள். எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.